பார்வையாளருக்கு எங்கே நாற்காலி போடுகிறோம்?

மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் செயலவைக் கூட்டம் என்றால், முன்பெல்லாம் அது செயலவை உறுப்பினர்களோடு முடிந்துவிடும். லிஃப்ட் ஏன் பழுதாகிக் கிடக்கிறது, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள், பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் கீழே காப்பிக்கடையில் யாராவது சொல்லக் கேட்டால்தான் உண்டு. அப்படிக் கேட்ட செய்தி பாதி உண்மையாகவும் பாதி கோபமாகவும் இருக்கும். அதனால் கூட்டத்தை எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்று செயலவை முடிவு செய்தது. செயலாளர் என்ற முறையில் மண்டபத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நோட்டீஸ் ஒட்டினோம், வாட்ஸாப் குழுவில் போட்டோம். ஆட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் மறுபடி வரவில்லை. வேலை, களைப்பு, டிவி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நான்காவது மாடியில் இருக்கும் ஓர் அம்மா மட்டும் என்னிடம் நேராகச் சொன்னார். "நீங்க பேசினது எதுவும் காதுல விழலம்மா. எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நாங்க எதுக்கு அங்க?"

அன்றிலிருந்து மண்டபத்தை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். இதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் என்று கூட்டம் நடத்துகிற எவருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில், பார்வையாளர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். அடுக்குமாடி போன்ற பொதுக் கட்டடங்களுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, அதாவது 757ஆம் சட்டப்படி, பொதுக்கூட்டத்தில் வாக்கு வீட்டு உரிமையாளருக்குத்தான். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் உரிமையாளரும் வாக்களிக்க முடியாது. மகன் பெயரில் வீடு இருக்க, அதில் குடியிருக்கும் தாய்க்கும் வாக்கு இல்லை. ஆனால் லிஃப்ட் நின்றுபோனால் பத்து மாடி ஏறுவது இவர்கள்தான். வாக்கு இல்லாதவர்களுக்குக் கூட்டத்தில் இருப்பது ஒன்றுதான் வழி. அவர்களை வரவேற்பது மரியாதைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கட்டடம் ஒழுங்காக இருப்பதற்கே அவர்கள் கண் வேண்டும்.

பினாங்கில் இதற்கு ஒரு பழைய பின்னணியும் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் மாநகர மன்றத்துக்கு மக்களே வாக்குப் போட்டு உறுப்பினர்களை அனுப்பிய காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மேயராக இருந்தவர் டி. எஸ். ராமநாதன். ஸ்காட் சாலை இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள், பிறகு திரும்ப வரவில்லை. இப்போது பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் மேயரும் 24 உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் நியமனம். ஆனாலும் 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால்தான் விதிவிலக்கு. குழுக் கூட்டங்களுக்கு இந்த விதி கிடையாது. அதாவது, வாக்குப் போட முடியாத இடத்தில்கூட உட்கார்ந்து பார்க்கும் உரிமையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. எந்த இடத்தில் உட்கார்ந்தால் காது கேட்கும் என்பதைச் சட்டம் சொல்லாது. அதை நாற்காலி போடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் மண்டபம் இந்த ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிற மண்டபம் மாதிரிதான். நீளவாக்கில் ஒரு கான்கிரீட் கூடம், தரையில் டைல்ஸ், ஒரு கோடியில் இரண்டடி உயர மேடை, மேலே சுழலும் காற்றாடிகள். கதவு மேடைக்குப் பக்கத்தில், பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. செயலவை மேடைக்கு முன்னால் மேசைகளைச் சதுரமாகச் சேர்த்துப் போட்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காரும். பார்வையாளருக்கு அதற்குப் பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

இதில் முதல் சிக்கல் கதவு. தாமதமாக வருகிறவர் உள்ளே நுழைந்ததும் செயலவையின் முன்னால் வந்து நிற்பார். பேச்சு நின்றுவிடும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கூனிக் குறுகி, மேசையைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போக வேண்டும். வேலை முடிந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள் நேரத்துக்கு வர முடியாது. கதவு வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே மேலே வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதியில் எழுந்து போக வேண்டியவர்களுக்கும் இதே கஷ்டம். வெளியேறுவது கடினம் என்று தெரிந்தால் பலர் உள்ளேயே வரமாட்டார்கள். குழந்தையோடு வரும் பெண்கள் முக்கியமாக அப்படித்தான்.

கதவை இடம் மாற்ற முடியாது. அதனால் கூட்டத்தையே திருப்பிப் போட்டோம். செயலவை மேடையை விட்டு எதிர்க்கோடிச் சுவர்ப் பக்கம் போனது. பார்வையாளர் நாற்காலிகள் கதவுக்கும் செயலவைக்கும் நடுவில், கதவுக்கு முதுகு காட்டியபடி வந்தன. இப்போது யார் எப்போது வந்தாலும் பின்பக்கமாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளலாம். போகவும் அப்படியே.

சொல்லும்போது சின்ன வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. மூத்த உறுப்பினர் ஒருவர், "மேடையை விட்டுட்டு மூலையில போய் உக்காரணுமாக்கும்?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் விநாயகர் படமும் சங்கக் கொடியும் மேடையில் இருந்தன. கூட்டம் அங்கேதான் நடக்க வேண்டும் என்பது அவருக்கு வெறும் வீம்பு இல்லை, பல வருடப் பழக்கம். நான் அவரோடு வாதம் செய்யவில்லை. "ஐயா, ஒரு கூட்டம் மட்டும் இப்படி நடத்திப் பார்ப்போம். படத்துக்கு விளக்கேற்றிவிட்டே ஆரம்பிக்கலாம்" என்றேன். சரி என்றார். அந்தக் கூட்டத்தில் தாமதமாக வந்தவர்கள் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் முடிந்து எழுந்தபோதுதான் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று கவனித்தார். அதற்குப் பிறகு அவர் மேடையைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்து மேசை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய இடங்களில் இதில்தான் கோளாறு.

மூடிய சதுரம் உள்ளே இருப்பவர்களுக்கு மிகவும் வசதி. எல்லார் முகமும் தெரியும், மெதுவாகப் பேசினாலும் கேட்கும். அந்த வசதியே வெளியில் இருப்பவரைத் தள்ளி வைக்கிறது. மேடையில் வரிசையாக எல்லாரும் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அது இன்னொரு வகைத் தொல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் பேச முடியாது. கூட்டம் சொற்பொழிவாகிவிடும்.

நாங்கள் மூன்று ஆறடி மடக்கு மேசைகளை எடுத்தோம். ஒன்றைச் சுவர்ப் பக்கம் நேராகப் போட்டோம். தலைவர், செயலாளர், பொருளாளர் அங்கே. மற்ற இரண்டையும் அதன் இரு முனைகளிலிருந்து பார்வையாளரை நோக்கி வெளிப்புறமாகச் சாய்த்துப் போட்டோம். முறம் மாதிரி, வாய் அகலமாக. பக்க மேசைகளை இணையாக வைத்தால் முனையில் இருப்பவரின் தலை உள்ளே இருப்பவரை மறைத்துவிடும். சாய்த்து வைத்தால் மறைக்காது. உறுப்பினர்கள் மேசையின் வெளிப்பக்கம் மட்டும் உட்கார்ந்தார்கள். அதனால் யார் முதுகும் பார்வையாளருக்கு இல்லை.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை. பொருளாளருக்குப் பார்வையாளர்கள் வருவதிலேயே ஒரு சங்கடம் இருந்தது. அவருடைய மடிக்கணினியில் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமெல்லாம் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதை எட்டிப் பார்க்க முடியும். அவர் பயம் நியாயமானது. புது அமைப்பில் அவருக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.

ஒரு சிக்கலும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வாய் மிக அகலமாகிவிட்டால் உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்க வந்த விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது இப்படி நடந்தது. இரண்டு பேர் மாறி மாறிப் பார்வையாளரிடம் நியாயம் கேட்டார்கள். வேலை நடக்கவில்லை. பக்க மேசைகளை உள்பக்கமாகக் கொஞ்சம் இழுத்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்ததும், பேச்சு மறுபடி மேசைக்குள் வந்தது. தலைவரும் எதையும் தன்னைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் இந்த அமைப்பு நிற்கிறது. என் கணிப்பில், முனையில் இருக்கும் உறுப்பினர் கழுத்தை அதிகம் திருப்பாமல் தலைவரையும் முதல் வரிசையையும் பார்க்க முடிந்தால் அந்தக் கோணம் சரி.

ஒலி விஷயத்துக்கு வருகிறேன். டைல்ஸ் தரையும் வெறும் கான்கிரீட் சுவரும் சேர்ந்தால் குரல் எதிரொலித்துக் குழம்பும். மேலே காற்றாடி இரைச்சல், வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். பேசுபவரிடமிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அவர் வாயிலிருந்து நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறைகிறது. எதிரொலி மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் பின்வரிசையில் சத்தம் கேட்கும், சொல் புரியாது. ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினால் தீரும் என்று நினைப்போம். கூட்டினால் எதிரொலியும் கூடும்.

நாங்கள் செய்தது எல்லாம் செலவில்லாத வேலைகள். முதல் வரிசையை மேசையின் வாயிலிருந்து ஆறேழு அடிக்குள் கொண்டுவந்தோம். நாற்காலிகளை நேர்வரிசையாகப் போடாமல் வளைத்து இரண்டு மூன்று வரிசையில் அடக்கினோம். பெரிய ஸ்பீக்கரை மேடையிலிருந்து இறக்கி, பார்வையாளர் பகுதியின் பக்கவாட்டில், உட்கார்ந்தவர் காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, ஒலியைக் குறைத்தோம். செயலவைக்கு நேர் மேலே இருந்த காற்றாடியை மட்டும் நிறுத்தினோம். அவர்களுக்கு வியர்த்தது, உண்மைதான். தனியாக ஒரு நிற்கும் காற்றாடியைத் தள்ளி வைத்துக் கொடுத்தோம். தையல்காரர் ஒருவர் கொடுத்த பழைய கனமான திரைத்துணியைப் பின்சுவரில் தொங்கவிட்டோம். எதிரொலி கொஞ்சம் அடங்கியது.

நாற்காலி எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூறு நாற்காலி போட்டு இருபது பேர் வந்தால், அந்த இருபது பேரும் கடைசி மூன்று வரிசையில் சிதறி உட்காருவார்கள். "முன்னாடி வாங்க" என்று எத்தனை தடவை மைக்கில் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை. எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போடுங்கள். மீதியைக் கதவுப் பக்கம் அடுக்கி வையுங்கள். ஆள் வரவர ஒரு தம்பி எடுத்துக் கொடுக்கட்டும். நாற்காலியை எடுத்துக் கொடுத்து, "உட்காருங்க அங்கிள்" என்று ஒருவர் சொன்னால் போதும். அதற்குமேல் வரவேற்புக் குழு எதுவும் தேவையில்லை.

சக்கர நாற்காலிக்கு இடம் விடுவதைப் பல பேர் மறக்கிறார்கள், அல்லது கடைசியில் ஓர் ஓரத்தில் விடுகிறார்கள். சுமார் 90 சென்டிமீட்டருக்கு 120 சென்டிமீட்டர் இடம் போதும். அதை வரிசையின் நடுவிலோ முதல் வரிசை முனையிலோ விடுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண நாற்காலி கட்டாயம் இருக்க வேண்டும், கூட வருகிறவர் தள்ளிப்போய் உட்காரக் கூடாது. நடைவழி 120 சென்டிமீட்டர் இருந்தால் சக்கர நாற்காலியும் போகும், தள்ளுவண்டியில் பிள்ளையும் போகும். எங்கள் ஆறாவது மாடி ஐயா கூட்டத்துக்கு வரத் தொடங்கிய பிறகுதான், லிஃப்ட் கதவு மூடும் வேகம் எவ்வளவு ஆபத்து என்று செயலவைக்குப் புரிந்தது.

மொழியும் ஒருவகையில் இட விஷயம்தான். கூட்டம் மலாயில் நடக்கிறது. வயதான தமிழ்ப் பெண்கள் சிலருக்கும், ஹொக்கியன் மட்டும் பேசும் சீன ஆன்ட்டிகளுக்கும் அது முழுக்கப் பிடிபடாது. முன்பு யாராவது பக்கத்தில் கிசுகிசுத்து மொழிபெயர்த்தால் மற்றவர்கள் "ஷ்ஷ்" என்பார்கள். இப்போது பார்வையாளர் பகுதியின் இரண்டு பக்க முனைகளிலும் சில நாற்காலிகளை அரைவட்டமாகத் திருப்பி வைக்கிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஹொக்கியன். சொல்லிக்கொடுப்பவர் முதுகு கூட்டத்தின் பக்கம், முகம் பாட்டிகளின் பக்கம். அதனால் குரல் நடுவுக்குப் போகாது. கல்லூரி மாணவி ஒருத்தி இதை அருமையாகச் செய்கிறாள். ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்க முனையைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டோம், அங்கேதான் மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

தாள்கள் பற்றி ஒரு வரி: செயலவை கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலும் கணக்கும் பார்வையாளர் நாற்காலியிலும் இருக்க வேண்டும், தனி நபர் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு. பெயர்ப் பலகைகள் கட்டைவிரல் உயர எழுத்தில் இருக்கட்டும்.

தேநீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முன்பு செயலவை மேசைக்கு மட்டும் தேத்தண்ணியும் கறிபாப்பும் வரும். பார்வையாளர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தவர் முன்னால் நாம் மட்டும் சாப்பிடுவோமா? இப்போது தேநீர் மேசை கதவுக்குப் பக்கத்தில், பின்பக்கம் இருக்கிறது. செயலவை மேசையில் தண்ணீர் பாட்டில் மட்டும். இடைவேளையில் உறுப்பினர்கள் எழுந்து பார்வையாளர்களைக் கடந்து பின்னால் வந்துதான் குடிக்க வேண்டும். கூட்டத்தில் கை தூக்கிக் கேட்கத் தயங்குகிறவர் அங்கே கேட்டுவிடுவார். குப்பை அறை நாற்றம், மூன்றாம் மாடி விளக்கு, வாகன நிறுத்துமிடத்தில் வெளியாட்கள் என்று பல விஷயங்கள் அந்த மேசையிலிருந்துதான் நிகழ்ச்சி நிரலுக்கு வந்தன. கூட்டம் இஷா தொழுகை முடிந்து ஒன்பது மணிக்குத் தொடங்குவதால் சாப்பிடாமல் வருகிறவர்களும் உண்டு. மீகூன், அதாவது அரிசிச் சேமியா, இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்குத் தேநீர் மேசைக்கு எதிர்மூலையில் ஒரு பாய், சில வண்ணப் பென்சில்கள். தனி அறையில் விடச் சொன்னால் தாய்மார் சம்மதிக்க மாட்டார்கள். கண்ணில் படும்படி இருந்தால் நிம்மதியாகக் கேட்பார்கள்.

கேள்வி கேட்க முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி வைப்பது நல்ல ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுந்து, நடந்து, எல்லார் முன்னாலும் நின்று பேசுகிறவர்கள் எப்போதும் அதே மூன்று நான்கு பேர்தான். மைக் ஆளிடம் போகட்டும், உட்கார்ந்தபடியே பேசட்டும். கேள்விகளையும் கடைசிக்கு ஒதுக்காமல் ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் கொடுங்கள். பதினோரு மணிக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பார்வையாளர் இல்லாமல் பேச வேண்டியவையும் இருக்கும். ஒருவருடைய கடன், காவலாளி மீது புகார் மாதிரி. அவற்றை நிரலின் கடைசியில் வைத்து, முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். நடுவில் எழுந்து வெளியே போகச் சொன்னால், அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. அங்கே வாக்கெடுப்பு உண்டு. கோரத்துக்கு, அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது இருக்க வேண்டிய ஆட்களுக்கு, வாக்குத் தகுதியுள்ளவர்களில் பாதிப் பேர் வேண்டும், அரை மணி நேரத்தில் சேராவிட்டால் வந்த தகுதியுள்ளவர்களே கோரம். யாருக்கு வாக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று எண்ணிக்கையில் குழப்பம் வரக் கூடாது. கட்டட நிர்வாகி, வாக்கு இல்லாதவர்களைக் கயிறு கட்டிப் பின்னால் உட்கார வைக்கலாம் என்று யோசனை சொன்னார். எண்ணுகிறவருக்கு அது சுலபம். ஆனால் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர் கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தால், அவர் நிலைமை மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். கணவனும் மனைவியும்கூடப் பிரிந்து உட்கார வேண்டிவரும், வீடு ஒருவர் பெயரில் இருப்பதால்.

கயிறு வேண்டாம் என்று செயலவை சொன்னது. பதிவு மேசையில் வாக்குரிமை உள்ளவருக்குப் பெரிய மஞ்சள் அட்டை கொடுத்தோம், எல்லாரும் விருப்பப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். வாக்கெடுப்பில் உயர்த்திய அட்டைகளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே அறிவித்தோம். பதிவு மேசையைக் கதவுக்கு வெளியே நடைபாதையில் போட்டதால், அட்டை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. இந்த வருடம் அந்த மேசையையும் இரண்டாகப் பிரிக்கப் போகிறோம். பாக்கி பற்றிப் பேச வேண்டியவர்கள் வரிசையில் நிற்பவர் காதுபடப் பேச வேண்டாம் என்பதற்காக, ஒன்றைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிப் போட இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.